இருபது முட்டை, மூன்று குஞ்சு: தவறு எங்கே நடந்தது?

பினாங்கு, பாயான் பாருவிலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தரை வீட்டில் மனைவி, மகன் குடும்பம், ஆறு வயதுப் பேத்தி ஆகியோருடன் வசிக்கிறார். இளமை கெடாவில் ஒரு தோட்டத்து லயத்தில் கழிந்தது. பேத்திக்குக் குஞ்சு பொரிப்பதைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் சிறிய இன்குபேட்டர் (முட்டை அடைகாக்கும் இயந்திரம்) ஒன்றும், கிளந்தானில் உள்ள ஒருவரிடமிருந்து 20 கம்போங் கோழி (நாட்டுக்கோழி) முட்டைகளும் இணையம் வழி வாங்கியிருக்கிறார். முட்டை ஒன்று 6 ரிங்கிட். வியாழக்கிழமை அனுப்பப்பட்ட பெட்டி திங்கட்கிழமை மாலை வந்தது. எச்சம் ஒட்டியிருந்த முட்டைகளைக் குழாய் நீரில் கழுவி, அன்றைக்கே இயந்திரத்தில் அடுக்கி, கையேட்டில் சொன்னபடி இரண்டு தண்ணீர்க் குழிகளையும் நிரப்பியிருக்கிறார்.

ஏழாம் நாள் விளக்கில் பார்த்தபோது ஏழு முட்டைகளில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றில் சிவப்பு வளையம் மட்டும் இருந்தது. பதினைந்தாம் நாள் ஒன்று வெடித்து வீடு முழுவதும் நாற்றம். இருபத்தொன்றாம் நாள் மூன்று குஞ்சுகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றுக்குக் கால்கள் இரு பக்கமும் விரிந்திருந்தன. எஞ்சிய ஆறில் ஒன்று ஓட்டைக் கீறிவிட்டு நின்றுவிட, இவரே ஓட்டை உரித்துவிட்டார். இரத்தம் கசிந்து அது இறந்தது. மற்ற ஐந்தும் முழு வளர்ச்சி அடைந்து ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தன.

“என் தாயார் பதிமூன்று முட்டை அடை வைத்தால் பன்னிரண்டு பொரிக்கும். இயந்திரம் வைத்தும் எனக்கு மூன்றுதானா? விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைக்கிறேன், புகார் செய்யலாமா? பன்னிரண்டாம் நாள் இரவு பெரிய இடி, இரும்புத் துண்டு வைக்காததால் வந்த வினை என்கிறாள் மனைவி. தாய்லாந்தின் ஹாட்யாயில் உள்ள நண்பர் நல்ல இன முட்டைகளை வேனில் கொடுத்தனுப்புவதாகச் சொல்கிறார், வாங்கலாமா? அந்தக் குஞ்சை நான்தான் கொன்றுவிட்டேனா?” இவை அவருடைய கேள்விகள்.

ஐயா,

விரிந்த கால்களைக் கட்டும் முறையைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். அது காத்திருக்கக்கூடிய விஷயமல்ல. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஒரு வாரம் தள்ளினால் அரிது. மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்: மென்மையான ஒட்டுத் துணியை மெல்லிய பட்டையாக வெட்டி, இரு கால்களும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் கணுக்கால்களை இணைத்துக் கட்ட வேண்டும். தரையில் செய்தித்தாள் விரிக்கக் கூடாது, அது வழுக்கும். சொரசொரப்பான துணியோ ரப்பர் விரிப்போ போடுங்கள்.

இனி முட்டைகள். எந்த முட்டை எந்த நாளில் எப்படிக் கெட்டது என்று நீங்கள் குறித்து வைத்திருந்தது எனக்குப் பேருதவியாக இருந்தது. அதைப் படித்தால் பதினேழு முட்டைகளும் ஒரே காரணத்தால் கெடவில்லை என்பது தெரிகிறது. முதல் வாரத்தில் இறந்தவை பெரும்பாலும் பயணத்தின் கதையைச் சொல்கின்றன. கடைசி மூன்று நாளில் இறந்தவை உங்கள் வீட்டு இயந்திரத்தின் கதையைச் சொல்கின்றன. எல்லாப் பழியையும் விற்றவர் மேல் போட நீங்கள் நினைக்கிறீர்கள்; ஓட்டை உரித்த குஞ்சுக்காக எல்லாப் பழியையும் உங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

பெட்டிக்குள் நான்கு நாள்

கருவுற்ற முட்டையைக் கோழி இடும்போதே உள்ளே கரு பல்லாயிரம் செல்களாக வளர்ந்திருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் அந்த வளர்ச்சி நின்று, மறுபடி சூடு கிடைக்கும்வரை காத்திருக்கும். அப்படிக் காத்திருக்க 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் ஏற்றது. அந்த வெப்பத்தில் ஒரு வாரம்வரை பெரிய நட்டம் இல்லை. ஆனால் நம் ஊர் லாரியும் கிடங்கும் பகலில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கும், இரவில் தளரும், மறுநாள் மறுபடி தொடங்கும். இந்த இழுபறியிலேயே பல கருக்கள் இறந்துவிடுகின்றன. அப்படி இறந்த முட்டையும், சேவலே சேராத முட்டையும் ஏழாம் நாள் விளக்கில் ஒன்றுபோலவே வெறுமையாகத் தெரியும். ஆகவே அந்த ஏழும் கருவுறாதவை, விற்றவர் ஏமாற்றினார் என்று முடிவு கட்ட உங்களிடம் ஆதாரம் இல்லை. எறியாமல் உடைத்துப் பார்த்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். கருவுறாத முட்டையின் மஞ்சள்கரு மேல் சிறிய, ஒழுங்கற்ற வெள்ளைப் புள்ளி இருக்கும். கருவுற்றதில் அது நடுவே தெளிவுள்ள வட்ட வளையமாகவோ, வளரத் தொடங்கி இறந்திருந்தால் அகன்ற வெளிறிய திட்டாகவோ தெரியும். சிவப்பு வளையம் கண்ட மூன்றும் நிச்சயமாகக் கருவுற்றவை. வளர்ச்சி தொடங்கி, முதல் சில நாட்களுக்குள் இறந்திருக்கின்றன.

இன்னொரு சேதம் குலுக்கலால் வருவது. முட்டையின் அகன்ற முனையில் ஓட்டை ஒட்டி இரண்டு சவ்வுகளுக்கு நடுவே காற்றறை இருக்கிறது. பொரிக்கும் முன் குஞ்சு முதல் மூச்சை விடுவது அங்கேதான். தபாலில் உருண்டு வரும் முட்டைகளில் இந்த அறை பிடிப்பு விட்டு, முட்டையைச் சாய்க்கும் பக்கமெல்லாம் அலையும். வந்தவுடன் முட்டைகளைத் தானாகத் திருப்பிவிடும் தட்டில் போட்டால் அது மேலும் கிழியும். அதனால்தான் தபால் முட்டையைக் கூர்முனை கீழாக நிறுத்தி 12 முதல் 24 மணி நேரம் ஓய்வு கொடுக்கச் சொல்கிறோம். குளிரூட்டி ஓடும் படுக்கையறை போதும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அங்கே குளிர் அளவுக்கு மிஞ்சிவிடும்.

உங்கள் தாயாரின் பன்னிரண்டு குஞ்சுகளை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். அந்த முட்டைகள் லயத்தின் பின்கட்டில் இட்டவை. அரிசிப் பானையில் புதைத்து வைப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே குலுக்கல் இல்லை, வெயில் இல்லை. அடைக்கோழி தானே முட்டையைத் திருப்பிவிடும். இரை தேட அது எழுந்து போகும் கால் மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கிக்கொள்ளும். அந்தக் கணக்கைத் தபால் முட்டைக்குப் பொருத்தக் கூடாது. நன்றாகக் கட்டி அனுப்பிய முட்டைகளிலேயே பாதி பொரித்தால் அதை நல்ல பலன் என்றுதான் அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள்.

தண்ணீர்க் குழி

ஓட்டுக்குள் இறந்த அந்த ஐந்து குஞ்சுகளைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அவை பிழைத்திருக்க வேண்டியவை. நான்கு நாள் பயணத்தையும் தாண்டிப் பதினெட்டு நாள் வளர்ந்த கருக்கள் அவை. குஞ்சுகள் வீங்கியும் ஈரமாகவும் இருந்தன, காற்றறை சிறியதாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஈரப்பதம் மிகுந்ததன் அடையாளம்.

அடைகாக்கும் காலத்தில் முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்க வேண்டும். பதினெட்டாம் நாளுக்குள் எடையில் ஏறக்குறைய 12 முதல் 13 விழுக்காடு குறைவது சரி. 40 கிராம் முட்டை 35 கிராமை ஒட்டி வர வேண்டும். அப்போதுதான் காற்றறை போதிய அளவு விரியும். இழப்பு குறைந்தால் குஞ்சுக்குத் தலையைத் திருப்ப இடமில்லை, மூச்சுக்குக் காற்றும் இல்லை. ஈரத்திலேயே மூச்சடைத்துப் போகும்.

சரி, குழிகளை நிரப்பச் சொன்னது கையேடுதானே? அந்த அறிவுரை குளிர்நாட்டுக்கும் வறண்ட காற்றுக்கும் பொருந்தும். நம் பினாங்கின் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம். அதே காற்றை இயந்திரத்துக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே ஈரப்பதம் 47 விழுக்காட்டளவில் நிற்கும். முதல் 18 நாட்களுக்குத் தேவை 45 முதல் 55 வரைதான். ஆக, திறந்த சன்னல் உள்ள உங்கள் கூடத்தில் அந்தக் குழிகள் முதல் பதினெட்டு நாளும் காய்ந்தே இருக்கலாம். இரவும் பகலும் குளிரூட்டி ஓடும் அறை என்றால் கதை மாறும். அங்கே காற்று வறண்டிருக்கும், ஒரு குழியை நிரப்ப வேண்டிவரும். இயந்திரத்தில் உள்ள ஈரப்பதக் காட்டியை மட்டும் நம்பாமல் சமையலறைத் தராசில் ஐந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தராசு பொய் சொல்லாது.

பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டுக் குழிகளை நிரப்புங்கள். கடைசி மூன்று நாளும் 65 முதல் 75 விழுக்காடு வேண்டும், உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அந்த மூன்று நாளும் மூடியைத் திறக்கவே கூடாது. பேத்தி பார்க்க வேண்டுமென்று பலமுறை திறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி வழியாகவே பார்க்கப் பழக்குங்கள். பொரித்த குஞ்சு, வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கருவின் பலத்தில் இரண்டு நாள் இரையில்லாமல் இருக்கும், அவசரமில்லை.

வெப்பத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். இந்த விலைக்கு வரும் இயந்திரங்களின் வெப்பங்காட்டி ஒரு டிகிரி பிசகுவது வழக்கம், அந்த ஒரு டிகிரியே கருவைக் கொல்லப் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டையின் உயரத்தில் வைத்து ஒப்பிடலாம். விசிறி உள்ள இயந்திரத்தில் 37.5 காட்ட வேண்டும். விசிறி இல்லாததில் முட்டையின் மேற்பரப்பில் 38.5 வரை போகலாம்.

கழுவியதும், இடியும், உரித்ததும்

கழுவியது தவறுதான். புதிய முட்டையின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கிருமி உள்ளே போகாமல் அது தடுக்கிறது. குழாய் நீரில் கழுவுவது அதைச் சேதப்படுத்தி, கிருமியையும் நுண்துளை வழியே உள்ளே இழுத்துவிடும். வெடித்த முட்டைக்கு இதுவே காரணமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மிக அழுக்கான முட்டையை வைக்காமல் விடுங்கள், சிறிது அழுக்கென்றால் உலர்ந்த துணியால் மெல்லத் துடையுங்கள்.

இடி முட்டையைக் கெடுப்பதில்லை என்று உங்கள் மனைவியிடம் மரியாதையோடு சொல்லுங்கள். நம் பாட்டிமார்கள் அடைக்கூடையில் இரும்பும் கரியும் மிளகாயும் வைத்தது அக்கறையால், அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அன்றிரவு மின்சாரம் போனதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டொரு மணி நேரத் தடையைப் பன்னிரண்டு நாள் கரு தாங்கும், இரவு முழுதும் என்றால் சேதம் உண்டு.

இனி அந்தக் குஞ்சு. ஓட்டில் கீறல் விழுந்ததிலிருந்து முழுதாக வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. அந்த ஓய்வில்தான் சவ்வில் ஓடும் இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது, மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகிறது. நீங்கள் ஆறு மணி நேரத்தில் உரித்துவிட்டீர்கள், இரத்தக் குழாய்கள் அப்போது உயிரோடு இருந்திருக்கின்றன. அவசரம் அதற்குத் தீங்கு செய்தது என்பது உண்மை. ஆனால் அதனுடன் இருந்த ஐந்தும் யாரும் தொடாமலே இறந்ததை நினைத்துப் பாருங்கள். காத்திருந்திருந்தாலும் அது பிழைத்திருக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. துடிக்கும் உயிரைப் பார்த்துக் கை நீட்டியிருக்கிறீர்கள், அதைக் கொலை என்று மனதில் சுமக்காதீர்கள்.

விற்றவர் மீது புகார்

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, வியாபாரமாக விற்கப்படும் பொருள் விளம்பரத்தில் சொன்ன வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு செய்யலாம். உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் பெட்டியைப் பிரித்தபோது படம் எடுக்கவில்லை, முட்டைகளை எறிந்துவிட்டீர்கள், நான்கு நாள் தாமதம் கூரியருடையது, கழுவியதும் தண்ணீர் நிரப்பியதும் நம்முடையது. இந்த நிலையில் 120 ரிங்கிட்டுக்காக அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் குறிப்பை அப்படியே அவருக்கு அனுப்பி, அடுத்த முறை சில முட்டைகளைக் கூடுதலாகத் தருமாறு கேளுங்கள். நேர்மையான வளர்ப்பாளர் அந்தக் குறிப்பை மதிப்பார். மறுமொழியே வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

அனுப்பும் நாளும் முக்கியம். கிளந்தானில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, இங்கே சனியும் ஞாயிறும். வியாழன் அனுப்பிய பெட்டி இரண்டு விடுமுறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஞாயிறு காலையில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்கு வேன் வரும்வரை காத்திராமல் கூரியர் நிலையத்துக்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாட்யாய் முட்டை வேண்டவே வேண்டாம்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். அடைமுட்டையை அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். தனிமைப்படுத்தல், பரிசோதனைச் சேவைகள் சட்டம் 2011-இன்கீழ் 100,000 ரிங்கிட்வரை அபராதமோ ஆறு ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்க முடியும். “வீட்டுக்குத்தான், பத்து முட்டைதான்” என்பதெல்லாம் அங்கே செல்லாது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிது நோய். 2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் முதலில் வந்தபோது, எல்லை தாண்டிக் கடத்தப்பட்ட சண்டைச் சேவல்கள் வழியே வந்ததாகக் கருதப்பட்டது. 2006-இல் கோலாலம்பூரை ஒட்டிய செத்தாப்பாக்கிலும், பேராவிலும், நம் பினாங்கிலும் அது தலைகாட்டியது. அப்போது சுற்றுவட்டாரக் கோழிகள் மொத்தமாக அழிக்கப்பட்டன. அதில் நட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பின்புறத்தில் சில கோழி வளர்த்த குடும்பங்கள். புல்லோரம், மைக்கோபிளாஸ்மா போன்ற நோய்களைத் தாய்க்கோழி முட்டைக்குள்ளேயே குஞ்சுக்குக் கடத்திவிடும். முட்டையை எப்படிக் கழுவினாலும் துடைத்தாலும் அது போகாது. உள்நாட்டில் வாங்கும்போதும் தாய்க்கோழிகளுக்கு நோய்ப் பரிசோதனை உண்டா என்று கேட்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

பிழைத்த மூன்றும் பேத்தியும்

குஞ்சைத் தொட்டபின் பேத்தி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முகத்தோடு சேர்த்துக் கொஞ்சக் கூடாது. சால்மோனெல்லா கிருமி நலமான குஞ்சிலும் இருக்கலாம். கோழிகளைக் கொல்லும் ரானிக்கெட் (நியூகாசல்) நோய்க்கு எதிரான தடுப்பு மருந்தைத் தவற விடாதீர்கள். கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். நம் நாட்டுக் கம்போங் கோழிகளுக்கென்றே, வெப்பத்தைத் தாங்கும் வி4 தடுப்பு மருந்தை 1980-களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில் சோதித்து உருவாக்கியிருக்கிறார்கள்.

மூன்றில் ஒன்றாவது சேவலாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு மாதத்தை ஒட்டி விடியுமுன் கூவத் தொடங்கும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கோழி வளர்ப்பதற்கு மாநகர் மன்றத்தின் விதிகள் பொருந்தும், அண்டை வீட்டார் புகார் செய்தால் அதிகாரிகள் வருவார்கள். இப்போதே மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேவலை வாங்கிக்கொள்ள செபராங் பிறையில் இடவசதி உள்ள உறவினர் யாராவது உண்டா என்றும் யோசித்து வையுங்கள். பேத்தி பெயர் வைத்த பிறகு பிரிப்பது கடினம்.

மறுபடி முயலலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. முயலுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் இயந்திரத்தைச் சோப்பு நீரில் கழுவி, நீர்த்த குளோரினால் துடைத்து, வெயிலில் உலர்த்துங்கள். ஒருநாள் முழுதும் காலியாக ஓடவிட்டு வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். முட்டை வந்ததும் பெட்டியைப் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி, ஒருநாள் ஓய்வு கொடுங்கள். காற்றறை அலைந்தால் அகன்ற முனை மேலாக நிறுத்தி, முதல் இரண்டு மூன்று நாள் திருப்பாமல் விட்டு, பிறகு மெல்ல இரு பக்கமும் சாய்த்தால் போதும். பொரிக்காதவற்றை எறிய வேண்டாம். வாசலுக்கு வெளியே கையுறையோடு உடைத்து, படத்தோடும் எடைக் குறிப்போடும் எனக்கு எழுதுங்கள்.